ஹம் இசைக்குழுவின் தட்டுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறீர்களா? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் வாங்கிய முதல் எல்பி (பெரிய வினைல் இசைத்தட்டு) சுங்கத்தில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு விற்றவரிடமே திரும்பிப் போனது. இரண்டாவது வீடு வந்து சேர்ந்தது, ஆனால் அட்டையின் மேல்விளிம்பு நீளவாக்கில் கிழிந்திருந்தது. மூன்றாவது முறை அஞ்சல் செலவும் வரியும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிட்டன. நான்காவது பார்சல்தான் ஒழுங்காக வந்தது. இந்த நான்கிலும் கற்றுக்கொண்டதை எழுதிவைத்தால், ஹம் குழுவை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கும் ஒருவருக்காவது பணமும் மனவருத்தமும் மிஞ்சும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சுற்றிலும் சோளக்காடுகள் விரிந்த ஷாம்பெய்ன் நகரத்திலிருந்து வந்தவர்கள் ஹம். 1995இல் ‘ஸ்டார்ஸ்’ என்ற ஒரே பாடல் பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 11ஆம் இடம்வரை ஏறியது. பெரும்பாலானோருக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். ‘ஒரே பாட்டுக் குழு’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுடுகிறது. மாட் டால்பட், டிம் லாஷ் இருவரின் கிட்டார்களும் மலைபோல் எழுந்து நிற்க, அதன் நடுவே டால்பட் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர்போலத் தணிந்த குரலில் பாடுவார். அவ்வளவு பெரிய ஓசைக்குள் அவ்வளவு மென்மையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சரி, வேலைக்கு வருவோம்.

1. வாங்கும் முன் கேளுங்கள், சரியான வரிசையில்

முதல் பொறி தேடலிலேயே இருக்கிறது. நம் ஊரில் எந்தப் பாட்டுச் செயலியிலும் ‘ஹம்’ என்று மட்டும் தேடினால் இந்தித் திரைப்பாடல்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். குழுவின் பெயரைத் தேடாமல் ஆல்பத்தின் பெயரை முழுதாகத் தட்டுங்கள்: ‘யூட் ப்ரிஃபர் ஆன் ஆஸ்ட்ரோநாட்’. பச்சை நிறப் பின்னணியில் வரிக்குதிரை நிற்கும் அட்டை வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

குழுவின் ஆல்பங்கள் ஐந்தே ஐந்து. ‘ஃபில்லட் ஷோ’ (1991), ‘எலெக்ட்ரா 2000’ (1993), ‘யூட் ப்ரிஃபர் ஆன் ஆஸ்ட்ரோநாட்’ (1995), ‘டவுன்வர்ட் இஸ் ஹெவன்வர்ட்’ (1998), நீண்ட இடைவெளிக்குப் பின் ‘இன்லெட்’ (2020). வெளியான வரிசையில் கேட்கத் தொடங்காதீர்கள். ‘ஃபில்லட் ஷோ’ குழு தன் குரலைக் கண்டடைவதற்கு முன் செய்தது. அதை முதலில் கேட்டுவிட்டுக் குழுவையே கைவிட்ட நண்பர்களை எனக்குத் தெரியும். 1995ஆம் ஆண்டு ஆல்பத்தில் தொடங்கி, 1998க்கு வாருங்கள், அங்கிருந்து நேரே 2020. அதன் பிறகு 1993க்குத் திரும்பினால் அதன் முரட்டுத்தனம் இனிக்கும்.

என் கணிப்பில் இவர்களின் உச்சம் ‘டவுன்வர்ட் இஸ் ஹெவன்வர்ட்’. பத்துப் பாடல்கள். ஷாம்பெய்னிலேயே, மார்க் ரூபலின் போகோ ஸ்டூடியோவில் பதிவானது. வெளியானபோது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2000இல் குழு கலைந்தது. இரண்டு வாரமாவது இந்த மூன்று ஆல்பங்களையும் கேட்டுப் பழகுங்கள். அதற்குப் பிறகும் கையில் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

2. சிடியா, எல்பியா என்று முடிவு செய்யுங்கள்

முதல் முறை வாங்குபவர் யார் கேட்டாலும் சிடி என்றுதான் சொல்வேன். ஹம் பெரிய நிறுவனமான ஆர்சிஏவில் இருந்த காலம் சிடியின் பொற்காலம். அப்போது வந்த 1995, 1998 ஆல்பங்கள் இரண்டும் முதன்மையாகச் சிடியில்தான் விற்கப்பட்டன. அதனால் அமெரிக்கப் பழைய தட்டு விற்பனையாளர்களிடம் அவை இன்னும் கிடைக்கின்றன. விலையும் குறைவு. என் 1995 சிடிக்கு நான் கொடுத்தது 6 டாலர். அஞ்சல் செலவுதான் 19 டாலர்.

தொண்ணூறுகளில் அச்சான எல்பிகளைத் துரத்தாதீர்கள். சிறிய எண்ணிக்கையில் வந்தவை, சேகரிப்பாளர்கள் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவை, விலையைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். எல்பிதான் வேண்டும் என்றால் மறுபதிப்பு வாங்குங்கள். டால்பட்டின் சொந்த இசை நிறுவனமான எர்த் அனலாக்கும், அதே ஷாம்பெய்ன் ஊர் நிறுவனமான பாலிவினைலும் சேர்ந்து மறுபதிப்புகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

இதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பழைய தட்டு வாங்கும்போது குழுவுக்கு ஒரு காசும் போவதில்லை. ஆகவே பழைய சிடிகள் எத்தனை வாங்கினாலும் ஒரு தட்டையாவது புதிதாக, அவர்கள் நிறுவனத்திடமிருந்தே வாங்குங்கள். எதை என்று கேட்டால் ‘இன்லெட்’. டிரம்ஸ் வாசித்த பிரையன் செயின்ட் பியர் 2021இல் மறைந்தார். அவர் வாசித்த ஹம் ஆல்பங்களில் கடைசி அது. அதில் அவர் அடிக்கும் ஒவ்வொரு அடியும் நிதானமாக, கனமாக விழும். அதைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்குவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

3. எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்யுங்கள்

பழைய தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் தளம்தான் முதன்மையான சந்தை. அங்கே ஒரே ஆல்பத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் இருக்கும். விற்பவர் தவறான பக்கத்தின்கீழ் தன் தட்டைப் போட்டிருப்பது சாதாரணமாக நடக்கும். அதனால் மூன்று படங்கள் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, சிடியின் பளபளப்பான பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்துகள். எல்பி என்றால் கடைசிப் பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எழுத்துகள். அவற்றைத் தளத்தில் உள்ள குறிப்போடு ஒப்பிட்டால் பதிப்பு தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் அமெரிக்க சிடிகளில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இசைக் கிளப் பதிப்பு. ஆர்சிஏ அப்போது பிஎம்ஜி குழுமத்தில் இருந்தது. பிஎம்ஜி தன் அஞ்சல்வழிக் கிளப்புக்கெனத் தனியாகச் சிடிகள் அச்சிட்டது. பாட்டு அதேதான், ஆனால் சேகரிப்பாளர் மதிப்பு குறைவு. கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் குறைந்த விலையில் தாராளமாக வாங்கலாம். இரண்டு, பெட்டியின் ஓரத்தில் ரம்பத்தால் வெட்டிய தழும்போ பார்கோடில் துளையோ இருப்பவை. விற்காமல் தேங்கித் தள்ளுபடியில் தள்ளப்பட்ட பிரதிகள் இவை. உள்தாளும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று, வானொலிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இலவசமாக அனுப்பிய, ‘விற்பனைக்கல்ல’ என முத்திரையிட்ட பிரதிகள். சிலவற்றில் முழு உள்தாள் இருக்காது.

4. தட்டின் நிலையைக் குறிக்கும் சொற்களை நம்பும் முன்

மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, ஜி என்று இறங்கும் அளவுகோல் இது. ‘விஜி’ என்பது ‘வெரி குட்’, ‘ஜி’ என்பது ‘குட்’ என்பதன் சுருக்கம். ஆனால் ‘ஜி’ போட்ட தட்டு நன்றாக இருக்காது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிடியில் விஜி வரை இறங்கலாம். எல்பியில் விஜி பிளஸ்ஸுக்குக் கீழே போகாதீர்கள்.

1995 ஆல்பத்தின் எல்பியை விற்பவரிடம் ஒரே கேள்வியில் உண்மையை வரவழைக்கலாம்: “‘ஸ்டார்ஸ்’ பாட்டின் தொடக்கத்தைப் போட்டுக் கேட்டீர்களா?” அந்தப் பாட்டு மெல்லிய கிட்டாரும் தணிந்த குரலுமாகத் தொடங்கும். தட்டில் கீறலோ தூசியோ இருந்தால் படபடவென்று அங்கேதான் கேட்கும். பிறகு கிட்டார்கள் முழுவேகத்தில் இறங்கியதும் எல்லா இரைச்சலையும் மூடிவிடும். கண்ணால் பார்த்து மட்டும் தரம் போட்டவர் இந்தக் கேள்விக்கு நேரான பதில் தர மாட்டார்.

5. எடையைக் கணக்கிட்ட பிறகே ஆர்டர் செய்யுங்கள்

நான் அதிகப் பணம் இழந்தது இங்கேதான். அமெரிக்க அஞ்சல் துறையின் மலிவான பன்னாட்டுச் சேவை ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல்’. அதில் கட்டணம் கிராம் கிராமாக ஏறாது, படிப்படியாகத் தாவும். முதல் படி 8 அவுன்ஸ், அதாவது சுமார் 227 கிராம். அடுத்தது 32 அவுன்ஸ், சுமார் 907 கிராம். அதன்பின் 48, கடைசியாக 64 அவுன்ஸ். 64ஐத் தாண்டினால், சுமார் 1.8 கிலோவுக்கு மேல், இந்தச் சேவையே கிடையாது. விலை கூடிய சேவைக்குப் போக வேண்டும்.

சிடியின் பிளாஸ்டிக் பெட்டிதான் எடையில் பெரும்பங்கு. விற்பவரிடம் பெட்டியை நீக்கிவிட்டுத் தட்டு, முன் உள்தாள், பின்தாள் மூன்றையும் மட்டும் மெத்தென்ற உறையில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி எப்படியும் வழியில் உடையும். இங்கே புதுப் பெட்டி சில ரூபாய்க்குக் கிடைக்கும். இப்படிச் செய்தால் இரண்டு சிடிகள், சில நேரம் மூன்றும்கூட, முதல் படிக்குள் அடங்கும். நான்காவது பார்சலில் 1995, 1998 ஆல்பங்கள் இரண்டையும் இப்படித்தான் ஒரே கட்டணத்தில் வரவழைத்தேன்.

எல்பியில் ஒற்றைத் தட்டோ இரட்டைத் தட்டோ, உறுதியான அட்டைப் பெட்டியோடு பொதுவாக இரண்டாம் படியில் விழும். இரண்டு இரட்டை எல்பிகளைச் சேர்த்தால் அந்தப் படியைத் தாண்டும். ‘சேர்த்து வாங்கினால் லாபம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காமல், பொதிந்த பிறகு எவ்வளவு எடை வரும் என்று விற்பவரிடம் அவுன்ஸில் கேட்டு வாங்குங்கள்.

‘மீடியா மெயில்’ என்று நான்கைந்து டாலர் கட்டணம் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சேவை. ஆனால் அங்கே அண்ணனோ அக்காளோ சித்தப்பா மகளோ இருந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய வரம். அவர்கள் முகவரிக்கு மீடியா மெயிலில் அனுப்பச் செய்து, அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். எல்பி அட்டை சுமார் 31.5 சென்டிமீட்டர் சதுரம். பெரும்பாலான கைப்பெட்டிகளில் படுக்கையாகப் போகும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

6. பணம் செலுத்துதல்

முந்தைய நாளே வங்கிச் செயலியைத் திறந்து உங்கள் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கார்டு வைத்திருப்பவர்தான் அதை இயக்க வேண்டும். பெரும்பாலான கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம்; அந்தக் கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ரூபாயில் செலுத்துகிறீர்களா, டாலரிலா என்று பக்கம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் மாற்று விகிதத்தை அவர்கள் தம் இலாபத்தைச் சேர்த்துத்தான் காட்டுவார்கள்.

“தளத்துக்கு வெளியே அனுப்புங்கள், விலை குறைத்துத் தருகிறேன்” என்று விற்பவர் எழுதினால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பேபால் வழியாகக் கட்டினால், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் எழுப்பலாம். அந்த 180ஆம் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கடல் கடந்து வரும் பார்சலுக்கு இந்த அவகாசம் தேவைப்படும்.

7. ஆவணங்கள்

என் முதல் பார்சல் திரும்பியதற்குக் காரணம் ஓர் எழுத்து. நம் வழக்கப்படி தலைப்பெழுத்தை முன்னால் வைத்து முகவரி கொடுத்திருந்தேன். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் இருந்தது. கூரியர் நிறுவனத்தின் அமைப்பு இரண்டும் ஒரே ஆள் என்று ஏற்கவில்லை. நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவதற்குள் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டெலிவரி முகவரியிலும் கொடுங்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதியிருந்தால் விரித்தே எழுதுங்கள்.

பணம் கட்டிய அன்றே ஒரு கோப்புறையில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: ஆர்டர் இன்வாய்ஸின் பிடிஎஃப் (தட்டின் விலையும் அஞ்சல் செலவும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்), வங்கியோ பேபாலோ தந்த ரசீது, விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (பொருள் விற்றதும் அந்தப் பக்கம் மறைந்துவிடலாம்), அடையாள அட்டையின் நகல். கூரியரில் வருவதென்றால் கேஒய்சிக்காக உங்களுக்கு ஒரு இணைப்பு வரும். வந்த அன்றே ஏற்றிவிடுங்கள். அந்த இணைப்பு உண்மையிலேயே கூரியர் நிறுவனத்துடையதுதானா என்று டிராக்கிங் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகு ஏற்றுங்கள். சுங்கப் பெயரில் மோசடிக் குறுஞ்செய்திகளும் வருகின்றன.

‘பரிசு என்று எழுதட்டுமா?’ என்று நல்ல மனதோடு சில விற்பவர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். 2019 டிசம்பரிலிருந்து அஞ்சலிலோ கூரியரிலோ வரும் பொருளைப் பரிசு என்று காட்டி வரியில்லாமல் விடுவிக்க வழியில்லை; உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் தவறு, ஆபத்தும்கூட. தொலைந்தால் எழுதிய விலைதான் இழப்பீட்டுக்குக் கணக்கு.

8. வரி

சுங்க வரி தட்டின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அஞ்சல் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகையின்மீது போடப்படுகிறது. 6 டாலர் சிடிக்கு 19 டாலர் அஞ்சல் என்றால் வரி 25 டாலருக்கு. மலிவான தட்டு மலிவாக முடியாமல் போவதற்கு இதுவே காரணம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தட்டு, அஞ்சல் இரண்டும் சேர்ந்த தொகையில் பாதியை வரிக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் வாங்குவேன். மிஞ்சினால் அடுத்த தட்டுக்கு.

அஞ்சலில் வந்தால் வரியைத் தபால்காரரிடமோ அஞ்சலகத்திலோ கட்டலாம். கூரியர் வேகமானது, ஆனால் உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு சேவைக் கட்டணம் வாங்குவார்கள். ஒற்றைச் சிடிக்கு அது கட்டுப்படியாகாது.

9. எப்போது ஆர்டர் செய்வது

என் அஞ்சல் பார்சல்களில் விரைவாக வந்தது 24 நாளில், தாமதமாக வந்தது 41 நாளில். அமெரிக்காவை விட்டுக் கிளம்பியதும் பல நாட்கள் டிராக்கிங்கில் எந்த அசைவும் தெரியாது. சிகாகோவில் நின்றுவிட்டதாகக் காட்டும்; கலங்க வேண்டாம். 45 நாள் ஆகியும் வரவில்லை என்றால் விற்பவருக்கு எழுதி அவர் பக்கத்தில் விசாரணை தொடங்கச் சொல்லுங்கள், உங்கள் அஞ்சலகத்திலும் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

எல்பி மார்ச் கடைசி முதல் ஜூன் வரை இங்கே வந்து சேரும்படி ஆர்டர் செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வினைல் வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது எளிதல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலமும் அட்டைக்கு எதிரி. டிசம்பரில் அமெரிக்க அஞ்சலில் பண்டிகை நெரிசல் வேறு. டிசம்பர் முடிந்ததும் ஆர்டர் செய்து, பிப்ரவரிக்குள் பெறுவதுதான் எனக்குச் சரிப்பட்டிருக்கிறது. சிடிக்கு இந்தக் கவலை குறைவு.

10. பொதியும் முறையைக் கேட்டுப் பெறுங்கள்

அட்டை கிழிந்த கதைக்கு வருகிறேன். எல்பியை அட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பினால், பார்சல் விழும் ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு கத்திபோல அட்டையின் மடிப்பில் இடிக்கும். “தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வையுங்கள், இருபுறமும் கெட்டியான அட்டைத் தகடு வையுங்கள்” என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதுங்கள். பழைய விற்பனையாளர்கள் கேட்காமலே செய்வார்கள். புதிதாக, பிரிக்காத நிலையில் வாங்கும் ‘இன்லெட்’ போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே பெட்டியின் உறுதி ஒன்றுதான் காப்பு.

11. வந்த பிறகு

தபால்காரர் கையில் கொடுக்கும்போதே பெட்டியின் நான்கு மூலைகளையும் படமெடுங்கள். பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். எல்பியை உடனே சுழலவிடாமல் அறைக்குள் சில மணி நேரம் ஓய்வெடுக்க விடுங்கள். அதன்பின் சமதளத்தில் வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அன்றே படத்தோடு விற்பவருக்கு எழுதுங்கள். முதலில் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் ரசிகர்களே, ஒரு பகுதிப் பணத்தையாவது திருப்பித் தருவார்கள். தட்டுகளை நூலகத்தில் புத்தகம் வைப்பதுபோல நிமிர்த்தி அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்க வேண்டாம்.

கடைசியாக ஒலியளவு. முதலில் ‘ஸ்டார்ஸ்’தான் போடுவீர்கள் என்று தெரியும். அந்த மெல்லிய தொடக்கத்தைக் கேட்டு, சத்தம் போதவில்லை என்று குமிழைத் திருப்பிவிடாதீர்கள். வழக்கமான அளவிலேயே விட்டுவிட்டு, ஸ்பீக்கரிலிருந்து இரண்டடி தள்ளி உட்காருங்கள். கிட்டார்கள் வரும்.